கத்தி படாத கயிறு

கீழக்கரையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், கொல்லைக் கிணற்றில் நான் தண்ணீர் இறைத்தால் உள்ளே அறையில் தொட்டில் ஆடும். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. எல்லாம் ஒரே கயிறு. கிணற்றுக் கப்பியில் ஆரம்பித்து, துணி காயும் கொடியாகி, மல்லிகைப் பந்தலை இழுத்துக் கட்டி, ஆட்டுப்பட்டிக் கதவைச் சுற்றி, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, உத்தரத்தில் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு, மிச்சம் கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் உறைக்குள் சுருண்டு படுத்திருக்கும். நடுவில் எங்கேயும் ஒரு வெட்டுக் கிடையாது. வெட்டினால் வீட்டுக்கார மாமாவின் உயிர் போய்விடும்.

மாமாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். படித்துவிட்டு எனக்குப் போன் போட்டு, ‘எங்க வாப்பாவைக் கிண்டல் பண்ணிட்டீங்களே’ என்பார்கள். கிண்டல்தான் பண்ணுகிறேன். அந்தக் கயிற்றில் இரண்டு வருடம் தண்ணீர் இறைத்து உள்ளங்கை காய்த்தவள் நான். எனக்கு அந்த உரிமை உண்டு.

நான் முதுகுளத்தூர் பக்கத்து மானாவாரிக் கிராமத்துக்காரி. கல்யாணமானதும், என் வீட்டுக்காரருக்குக் கீழக்கரைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை என்பதால், அந்த வீட்டின் பின்கட்டில் குடிவந்தோம். எங்கள் ஊரில் கயிறு அறுந்தால் சந்தையில் ஒன்று வாங்கி மாட்டுவோம். கயிறு என்ற பொருளைப் பற்றி அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். மாமாவைப் பார்த்த பிறகுதான் எவ்வளவோ இருப்பது தெரிந்தது.

மாமா ‘கேன்சல்’ல வந்தவர். கீழக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வளைகுடா வேலை போதும் என்று விசாவை ரத்து செய்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதற்கு அங்கே அதுதான் பெயர். மாமா வேலை பார்த்தது அந்தப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றை ஒட்டி, கப்பலுக்கும் படகுக்கும் சாமான் விற்கிற கடையில். அதிலும் அவருக்குக் கயிற்றுப் பகுதி. வந்து கேட்கிறவனுக்குக் கேட்ட நீளத்தை அளந்து வெட்டிக் கொடுப்பது. வாலிபத்தில் போய்த் தாடி நரைத்துத் திரும்புகிறவரை அதே வேலைதான். கடைசி நாளன்று கடை முதலாளி அரபி மனம் இளகி, “உனக்குப் பிடிச்சத எடுத்துக்கிட்டுப் போ” என்றாராம். வேறொருவர் என்றால் மிக்ஸியோ டார்ச் லைட்டோ எடுத்திருப்பார். நம் மாமா சீல் உடைக்காத ஒரு முழுச் சுருள் நீலக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

ஃபாரின் சாமானைப் பிரிக்காமல் வைத்திருப்பது அந்த ஊரில் அதிசயமில்லை. ஒவ்வொரு வீட்டுக் கண்ணாடி அலமாரியிலும் ஒரு தடவைகூட டீயைப் பார்த்திராத கோப்பைகள் வரிசையாக நிற்கும். சோபாவில் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் உறை தொடையில் ஒட்டும். மாமா வீட்டு அலமாரியில் கோப்பைகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு, நடுத்தட்டில் கயிற்றுச் சுருளை ஏற்றி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் கண்ணாடியைத் திறக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்து, “மாஷா அல்லாஹ், கயிறுன்னா இது கயிறு” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். இதெல்லாம் மாமி எனக்குச் சொன்னது.

மாமி கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிணற்றுக்கென்று தனியாக ஒரு நல்ல கயிறு. பழைய தேங்காய்நார்க் கயிறு தும்பு தும்பாகப் பிரிந்து கையைக் கிழித்தது. மாமா அந்தக் கயிற்றில் அறுந்த இடத்திலெல்லாம் முடிச்சுப் போட்டார். முடிச்சு கப்பிக்குள் நுழையாது. பாதி தூரம் வந்த வாளி அங்கேயே நின்று மாமியைப் பார்க்கும். ஒரு கையால் வாளியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் முடிச்சைக் கப்பி தாண்டித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளித் தள்ளியே மாமிக்கு வலது தோள் போய்விட்டது. தலைக்குமேல் கையைத் தூக்க முடியாது, தலை வாரிக்கொள்ள மகளைக் கூப்பிடுவார்.

“அந்தச் சுருள்ல ஒரு துண்டு வெட்டிக் குடுங்களேன்.”

“வெட்டவா? வெட்டாத வரைக்கும்தான் அது சுருள். கத்தி பட்டுருச்சுன்னா அப்புறம் வெறும் துண்டு.”

“சரி, கடையில ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

“வீட்ல மீனை வச்சுக்கிட்டு யாராச்சும் கருவாட்டுக்குத் தெருத்தெருவா அலைவாங்களா?”

எங்கள் பக்கத்தில் இதற்கென்றே ஒரு சொலவடை உண்டு. மாமா மேல் உள்ள மரியாதையால் அதை முழுசாகச் சொல்லவில்லை. அதில் ஒரு நாய் வரும், ஒரு முழுத் தேங்காய் வரும்.

பிறகு ஒருநாள் நார்க்கயிறு அறுந்து வாளியோடு கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. மாமி அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மதியம்வரை பொறுத்துப் பார்த்த மாமா, அலமாரியைத் திறந்து சுருளை வெளியே எடுத்தார். கத்தி கொண்டுவரச் சொல்வார் என்று எல்லாரும் நின்றார்களாம். அவர் ஒரு முனையை உருவிப் புது வாளியில் கட்டிவிட்டு, மிச்சச் சுருளைக் கிணற்றடிக் கல்லில் வைத்து அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தார். வெட்டாமலே கிணற்றுக் கயிறு ஆயிற்று. அதற்குப் பிறகு கொடிக்கயிறு அறுந்தது. சுருள் கிணற்றடியில்தானே இருக்கிறது, அங்கிருந்து நீட்டினால் ஆயிற்று. மல்லிகைப் பந்தல் சாய்ந்தது, இன்னும் கொஞ்சம் நீட்டினார். ஆட்டுப்பட்டிக் கதவு, அதற்கும் நீட்டினார். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து பேரனும் பிறந்தபோது, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கயிற்றை உள்ளே இழுத்தார்.

இந்த நிலையில்தான் நாங்கள் குடிவந்தோம். ஆடு கதவை முட்டினால் என் சேலை கொடியில் குதிக்கும். நான் வாளியை இழுத்தால் தொட்டில் அசையும். பிள்ளைக்கு அது பழகிவிட்டது. பகல் தூக்கம் கலைந்து சிணுங்கினால் மாமியின் மகள் ஜன்னலில் நின்று குரல் கொடுப்பாள்.

“அக்கா, சும்மா இருந்தா ரெண்டு வாளி இறைச்சிட்டுப் போங்களேன்.”

என் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தாலும் நான் போய் இறைப்பேன். யார் பெற்ற பிள்ளைக்கு யார் தாலாட்டு என்று முணுமுணுத்துக்கொண்டுதான்.

கோடை வந்தால் கூத்து. கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கும், வாளி எட்டாது. எட்ட வேண்டுமென்றால் கயிறு ஒரு முழம் கிணற்றுப் பக்கம் நகர வேண்டும். அதற்கு மாமா தொட்டிலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டே வருவார். அன்றைக்கு முழுவதும் அந்த வீட்டில் தொட்டில் கிடையாது, கொடி கிடையாது, பந்தல் தரையில் கிடக்கும், ஆடுகள் தெருவில் நிற்கும். ஒத்தாசைக்கு யாரையும் விடமாட்டார்.

“முடிச்சுப் போட்டவன் கையாலதான் அவுக்கணும்” என்பார். இது அவருடைய வேதவாக்கு.

இது நேற்று வந்த பழக்கமில்லை என்றார் மாமி. லீவில் வரும்போதெல்லாம் மாமா கொண்டுவரும் அட்டைப்பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் கயிறு கட்டியிருக்குமாம். பிள்ளைகள் சாக்லேட்டுக்காகப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மாமா கட்டைவிரல் நகத்தால் முதல் முடிச்சை நோண்ட ஆரம்பிப்பார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மூன்றாவது முடிச்சில் இருப்பார். பெட்டி திறக்கும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும், சாக்லேட் உருகியிருக்கும். “கத்திய வச்சு ஒரே இழுப்புல முடிக்க வேண்டியது புள்ள. வந்ததே நாப்பது நாள் லீவு. அதுல ஒருநாள் அந்தப் பெட்டிக்குப் போயிரும்” என்று சொல்லும்போது மாமி சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

கடை திறப்பு விழாக் கதையை ஊரே சொல்லும். கடைத்தெருவில் ஒருவர் செல்போன் கடை வைத்தார். கேன்சலில் வந்த பெரிய மனிதர் என்று மாமாவைச் சிறப்பு விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். வாசலில் சிவப்பு ரிப்பன். தாம்பாளத்தில் புதுக் கத்தரிக்கோல். மாமா தாம்பாளத்தைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கதவோரம் போய், ரிப்பன் முடிச்சை அவிழ்த்து, முழங்கையில் வைத்துச் சுருட்டிக் கடைக்காரர் கையில் கொடுத்து, “நல்ல ரிப்பனு. அடுத்த கடைக்கு ஆகும்” என்றாராம். போட்டோ எடுக்க வந்தவர் என்னத்தை எடுப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். பெருநாளன்று குர்பானி ஆட்டை அறுக்க ஆள் வந்தால், மாமா அவர் பின்னாலேயே நடப்பார். ஆட்டைப் பற்றிக் கவலையே இல்லை. கத்தி கயிற்றின் பக்கம் போய்விடக்கூடாது, அவ்வளவுதான்.

நான் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். “மாமா, அங்க வேலையே வெட்டுறதுதான? இங்கன மட்டும் ஏன் கை வரமாட்டேங்குது?”

“அதனாலதாம்மா” என்றார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

நாங்கள் அங்கே இருந்த இரண்டாவது கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்கு முன்னால், வாளி முடிச்சு நழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது. நைலான் வழுக்கும், மாமா முடிச்சுக்கும் அது பொருந்தும். பாதாளக் கரண்டி போட்டு எடுக்கலாம். ஆனால் நம் கயிறு தண்ணீர்வரைதான் எட்டும், அடித்தரைவரை எட்டாது. எல்லா முடிச்சையும் நகர்த்த நேரமில்லை. மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்றுச் சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகளில் காலை வைத்து இறங்கினார். அவை உப்புக்காற்றில் எத்தனை காலமாகத் துருவேறி இருந்தனவோ, பாதியில் ஒரு படி முறிந்தது. “யா அல்லாஹ்” என்ற சத்தமும் தண்ணீர் அடிபட்ட சத்தமும் சேர்ந்து வந்தன.

துணி துவைத்துக்கொண்டிருந்த நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். மார்பளவுத் தண்ணீரில் ஒற்றைக்காலில் நின்றார். மற்ற காலை ஊன்ற முடியவில்லை. நான் போட்ட கூச்சலில் மாமி வந்தார், மகள் வந்தாள், எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்தார். என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிதான் லீவு என்பதால் அவரும் இருந்தார்.

“கயித்த இடுப்புல கட்டிக்கங்க மாமா, தூக்கிருவோம்” என்றார் ஆட்டோக்காரர்.

கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் இழுத்தார்கள். கப்பியைத் தாங்கும் கம்பி வளைந்தது. வாளிக்காகப் போட்ட கம்பி, மாமாவைத் தாங்குமா? கயிற்றை வேப்பமரத்தில் ஒரு சுற்றுப் போட்டு இழுத்தால்தான் ஆகும். ஆனால் கயிறு மரம்வரை எட்டவில்லை. இந்தப் பக்கம் துணிக்கொடியின் கம்பம் பிடித்து வைத்திருந்தது. ஆட்டோக்காரர் பொறுமை இழந்து கொடிக்கம்பத்தையே மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டார், என் சேலையோடு. அப்போதும் எட்டவில்லை. அடுத்து மல்லிகைப் பந்தலின் முடிச்சு. என் வீட்டுக்காரர் அதை நகத்தால் நோண்டினார், பல்லால் கடித்தார். மழையும் வெயிலும் பட்டு அது கல்லாகியிருந்தது.

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. “இடப்பக்க வளையத்த முதல்ல தளத்துங்க தம்பி. அது இல்ல. அதுக்கு உள்ள இருக்கு பாருங்க, அது.”

முடிச்சுப் போட்டவன்தான் அவிழ்க்க வேண்டும். போட்டவர் கிணற்றுக்குள் நிற்கிறார். இப்படி ஒரு சிக்கல் வேறெந்த ஊரில் வரும்?

“வெட்டிருவோம்” என்றார் ஆட்டோக்காரர்.

“வெட்டாதீங்க. கடக்கரைக்கு ஆட்டோவ எடுத்துக்கிட்டுப் போய் மீன்காரங்ககிட்ட ஒரு கயிறு வாங்கிட்டு வாங்க. நான் நிக்கிறேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, முறிந்த படி பதிந்திருந்த இடத்திலிருந்து ஒரு செங்கல் பெயர்ந்து அவர் தோளை உரசிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அதற்கு மேலே இருந்த கற்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இதற்குள் மகள் துபாயிலிருந்த தம்பிக்கு வீடியோ கால் போட்டிருந்தாள். “வாப்பாவக் காட்டு, வாப்பாவக் காட்டு” என்று அவன் கத்த, அவள் போனைக் கிணற்றுக்குமேல் நீட்டினாள். மாமா நிமிர்ந்து பார்த்து, “சாப்ட்டியா?” என்று கேட்டார். அவன் அழுதுவிட்டான்.

மாமி அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்தவர் கத்தியோடுதான் ஓடிவந்திருந்தார், செதில்கூடக் கழுவவில்லை. கிணற்றுச் சுவரைப் பிடித்துக் குனிந்தார்.

“உங்களத்தான். கேக்குதா?”

“கேக்குது.”

“நீங்க ஊருக்கு வந்ததெல்லாம் துண்டு துண்டாத்தான். ஒரு தடவ நாப்பது நாளு, ஒரு தடவ ரெண்டு மாசம். உங்க மக உங்களப் பாத்து யாரும்மா இதுன்னு கேட்டுச்சு. முழுசா ஒரு ஆளா இப்பத்தான் எனக்குக் கெடைச்சிருக்கீங்க. கயிறு துண்டாப் போனாப் போவுது. நான் வெட்டப் போறேன்.”

இன்னொரு கல்லின் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. எல்லாரும் மாமியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எந்த எடத்துல?” என்று கேட்டது உள்ளேயிருந்து வந்த குரல்.

“பந்தலுக்கு இங்கிட்டு.”

“முடிச்ச ஒட்டி வெட்டாத. ஒரு சாண் தள்ளி வெட்டு. இல்லன்னா வீணாப் போகும்.”

மாமி பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தியை வைத்து அறுத்தார். அவ்வளவு பெரிய கயிறு, மீன் கத்தியில் நாலே இழுப்பில் அறுந்துபோயிற்று. வேப்பமரத்தில் சுற்றி, ஆட்டோக்காரரும் என் வீட்டுக்காரரும் நானும் மகளும் இழுத்தோம். மாமா பாதி தூரம் மேலே வந்துகொண்டிருக்கும்போதே, “வெட்டுன நுனியத் தீயில காட்டுங்க, பிரிஞ்சுக்கிட்டே போயிரும்” என்றார்.

“முதல்ல நீங்க மேல வாங்க” என்றார் மாமி.

கிணற்றடிக் கல்லில் உட்கார வைத்தோம். கணுக்கால் வீங்கி உருண்டிருந்தது. மாமி தலையைத் துவட்டினார். மாமா இடுப்பிலிருந்த முடிச்சை ஒரே சுண்டில் அவிழ்த்துவிட்டு, வெட்டுப்பட்ட நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். இழை இழையாகப் பூ மாதிரி விரிந்திருந்தது. மனிதர் உடைந்துபோய் அழப்போகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“தம்பி, லைட்டர் இருக்கா?”

ஆட்டோக்காரர் கொடுத்தார். மாமா நுனியைத் தீயில் காட்டி உருக்கி, எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழுத்தி உருட்டினார். நுனி மணிபோல் மூடிக்கொண்டது. அவர் முதுகு நிமிர்ந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததேயில்லை. ஏதோ கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற மாதிரி எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“வேற யாருக்கு?”

“எனக்கு” என்றார் மாமி.

“எத்தன மீட்டரு?”

“எனக்கு மீட்டரெல்லாம் தெரியாது. கிணத்துக்கு எம்புட்டு வேணுமோ, நீங்களே பாத்து வெட்டுங்க.”

மாமா கைகளை அகல விரித்து மார்மாராக அளந்தார். மாமியின் கையிலிருந்து கத்தியை வாங்கினார். வெட்டும் இடத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டு ஒரு நொடி யோசித்தார். பிறகு இன்னும் ஒரு கை நீளம் விட்டு, ஒரே இழுப்பில் அறுத்தார்.

“கொசுறு” என்றார். “அரபி பாத்தாக் கத்துவான்.”

மாமி அந்தக் கயிற்றை வாங்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதார்.